காத்திருப்போர் பெஞ்சு

குழாய்க்காரருக்குப் பதினொரு வருடமாக அந்நிய பாஷை வரவில்லை.

ஆவி இறங்கினால் யாருக்கும் புரியாத மொழியில் வாய் தானாகப் பேசுமாம்; வேறு ஏதாவது ஒரு சபையில் இருந்திருந்தால் அது வராதது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது. பாடினோமா, ஜெபித்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்திருப்பார். இவர் சேர்ந்திருந்த சபையில் அதற்கென்று ஒரு வாரியமே இருந்தது. வாரியத்துக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பலகை, பலகையில் ‘பாஷை வரம்: சோதனை மற்றும் சான்றளிப்பு’ என்று எழுத்து, அதற்குக் கீழே ‘வரிசையில் வரவும்’ என்று இன்னொரு எழுத்து. பரிசுத்த ஆவியானவர் யாருடைய கட்டளைக்கும் காத்திருக்கமாட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நடக்கும். சனிக்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை அவர் வாரிய அறையில் ஆஜராகிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

வாரியத்தில் மூன்று பேர். தலைவர், எடை அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் தராசுகளுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாத எதையும் நம்பமாட்டார். செயலாளர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கிய ஸ்டாப் வாட்சை ஆவிக்குரிய காரியத்துக்கும் வைத்துக்கொண்டார். ஒன்றரை நிமிடம் விடாமல் பேசினால் தேர்ச்சி. நடுவில் மூச்சு வாங்கினால் அதைக் கழித்துவிடுவார். மூன்றாமவர் வியாக்கியானக்காரர். யார் எந்தப் பாஷையில் எதைப் பேசினாலும் அதற்கு அர்த்தம் சொல்வது அவர் பொறுப்பு. வெளியே அவருக்கு மனைத் தரகு தொழில். அதனாலோ என்னவோ, அவர் சொல்லும் அர்த்தம் எங்கே சுற்றினாலும் கடைசியில் சபைக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் நிலத்தில் வந்துதான் நிற்கும்.

பாஷை வராதவர்களுக்குக் கடைசி வரிசையில், கழிவறைக் கதவை ஒட்டி, காத்திருப்போர் பெஞ்சு. அதற்குச் சாய்வு கிடையாது. சாய்ந்தால் தூக்கம் வரும், தூங்குகிறவனுக்கு வரம் வராது என்பது வாரியத்தின் கண்டுபிடிப்பு. புதிதாக வருகிறவர்கள் அதில் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம் உட்காருவார்கள். பிறகு தேறி முன்னால் போய்விடுவார்கள். குழாய்க்காரரும் அவர் மனைவியும் மட்டும் பெஞ்சோடு பெஞ்சாக ஒட்டிப்போயிருந்தார்கள். ஊரில் இருக்கிற அடைப்பையெல்லாம் எடுத்துவிடுகிறவனுக்கே இப்படி ஒரு அடைப்பா என்று அவருக்குத் தன்மேலேயே கடுப்பு.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போவார். கண்ணை மூடுவார், வாயைத் திறப்பார், வெறும் காற்று வரும். ஒரு தடவை மானம் போனால் போகிறது என்று துணிந்து, தனக்குத் தெரிந்த சாமான்களின் பெயரையெல்லாம் வேகமாக அடுக்கினார். “எல்போ டீ யூனியன் காஸ்கெட், காஸ்கெட் ரெடியூசர் பால்வால்வ் நிப்பிள்…” செயலாளர் வாட்சைப் பார்த்தார்; அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. வியாக்கியானக்காரர் எழுந்து, “ஆண்டவர் இந்தச் சபையின் எல்லையை விரிவாக்குகிறார்” என்று தொடங்கியும்விட்டார். தலைவர் மட்டும் அந்த மாதம்தான் வீட்டில் புதுக் குளியலறை கட்டியிருந்தார். “இந்த நிப்பிளைத்தானே நீங்க எனக்கு ரெண்டு எண்ணம் அதிகமா வாங்க வெச்சீங்க?” என்று கேட்டார். குழாய்க்காரர் தலை குனிந்து பெஞ்சுக்குத் திரும்பினார். வியாக்கியானக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மனைவிக்கு இந்தக் கவலையே கிடையாது. தையல் மெஷின் முன் உட்கார்ந்து பழைய துணிகளைப் பிரித்துத் தைப்பவள். வாய் அதைவிட வேகமாக ஓடும். துணி கொடுக்க வருகிறவர்கள் அவள் பேச்சைக் கேட்கவே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவளை யாராவது சோதனைக்குக் கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

“கடவுள்கிட்ட பேச எனக்கு என் பாஷை போதுங்க. அவருக்குப் புரியலன்னா அவர் கத்துக்கட்டும்.”

ஆனால் அடுப்படியில் அவள் செய்யும் கூத்து வேறு. கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே செருகி, “லபலகா ஷரபரா கெமிலா” என்று செயலாளரைப்போலவே ஆடுவாள். பிறகு குரலை மாற்றி, “ஆண்டவர் சொல்றார், பின்னால இருக்கிற நிலம் நாற்பது அடி ரோட்டு மேல” என்பாள். குழாய்க்காரருக்குப் பயமும் சிரிப்பும் ஒன்றாக வரும். “தேவதூஷணம்மா, வேண்டாம்” என்பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சோதனைக்குப் போகிற சனிக்கிழமைகளில் இந்தக் கூத்து தவறாமல் நடக்கும். அவர் படபடப்பு குறையட்டும் என்றுதான் செய்தாள்.

இருபத்திரண்டாவது சோதனைக்கு அவர் கிளம்பிய சனிக்கிழமையும் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவர் எதிரில் நின்றாள். “கெரிமோ” என்றாள். “கெரிமோ, தாபு. லெமினா தாபு சிலா.”

குழாய்க்காரர் சிரித்தார்.

அவள் மறுபடியும் சொன்னாள். முகத்தைக் கோணவில்லை, கண்ணைச் செருகவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் அழுந்தின. “இன்னிக்கு ரொம்ப நல்லாப் பண்றே” என்றார் அவர். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் விடவில்லை. மணி எட்டரை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். “போதும்மா, நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

சோதனையில் தோற்றார். தோற்றதோடு, வாரிய அறையின் கைகழுவும் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது என்று தலைவர் சொன்னதால் அதையும் சரிசெய்து கொடுத்தார். வீட்டுக்கு வரும்போது மணி இரண்டரை. மனைவி அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கிக் கருகி, அடுப்பு தானாக அணைந்து, வீடெல்லாம் நாற்றம். அவரைப் பார்த்ததும் “கெரிமோ” என்றாள். ஆறு மணி நேரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, குரல் கட்டியிருந்தது. அப்போதுதான் குழாய்க்காரர் பையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

“மூளைக்குப் போற ரத்தக் குழாயில அடைப்பு” என்றார் டாக்டர். குழாய், அடைப்பு, இரண்டும் இவருக்குத் தெரிந்த வார்த்தைகள். தெரிந்ததால் இன்னும் வலித்தது. “கை கால் தப்பிச்சிடுச்சு. பேச்சு மட்டும்தான் கலைஞ்சு போயிருக்கு. அவங்க நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?”

“நான் வீட்டுக்கு வந்தப்ப ரெண்டரை மணி” என்றார் குழாய்க்காரர்.

“நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். கூட யாரும் இல்லையா?”

“நான் வேலைக்குப் போயிட்டேன் டாக்டர்” என்றார். எட்டரை மணியையும் சிரித்ததையும் மென்று முழுங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். கறாரானவள். அவர் கையில் ஒரு கட்டு படஅட்டையைக் கொடுத்தாள். டம்ளர் படம், கதவு படம், கை படம், கடிகாரம் படம். ஒவ்வொன்றின் பின்னாலும் பெரிய எழுத்தில் சொல். “புதன், சனி, பதினோரு மணிக்கு இங்க கூட்டிட்டு வரணும். மத்த நாள் வீட்டுல ஒரு மணி நேரம் இதைக் காட்டிப் பேச வைக்கணும். முதல் மூணு நாலு மாசம்தான் முக்கியம். விட்டுட்டு அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல. தனியா விட்டுட்டும் போகாதீங்க.”

குழாய்க்காரர் சொன்னபடி செய்தார். ஒரு வாரத்திலேயே ஒன்று கண்டுபிடித்தார். மனைவி வாயிலிருந்து வருவது பெரும்பாலும் கலைந்த சத்தம்தான். ஆனால் நாலு சொற்கள் மாறவே இல்லை. தாபு என்றால் தண்ணீர். சிலோமா என்றால் கழிவறைக்குப் போக வேண்டும். மனாரி என்றால் வீட்டுக்குப் போகலாம். கெரிமோ என்றால் இவர்தான். வேலைக் குறிப்பு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலையும் எழுதி வைத்துக்கொண்டார். பதினொரு வருடமாக ஒரு பாஷைக்குத் தவம் கிடந்த மனிதர், கேட்காமல் வந்த இன்னொரு பாஷையை வீட்டில் உட்கார்ந்து படித்தார்.

தனியாக விடக்கூடாது என்றதால் ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் அழைத்துப் போனார். பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து, அடுத்து என்ன என்று சபை மூச்சுப் பிடித்து நிற்கிற அந்த இடைவெளியில், மனைவியின் குரல் கணீரென்று எழுந்தது.

“கெரிமோ, சிலோமா. சிலோமா லபா சிலோமா கெரிமோ!”

ஆயிரம் தலைகள் திரும்பின. குழாய்க்காரர் அவசரமாக எழுந்து அவள் கையைப் பிடித்தார். கழிவறைக் கதவு நாலு அடி தூரம்தான். ஆனால் செயலாளர் அதற்குள் பெஞ்சுக்கு ஓடிவந்து, ஒரு கையால் இவர் தோளை அழுத்தி உட்காரவைத்து, மறு கையால் வாட்சைத் தட்டிவிட்டார். மேடையில் வியாக்கியானக்காரர் கண்ணை மூடியபடி எழுந்தார்.

“ஒரு நதி வருகிறது என்று ஆண்டவர் சொல்லுகிறார்! அடைத்துவைக்கப்பட்ட நதி! இதோ, இந்த ஆலயத்திலே புறப்படும்! புறப்பட்டு, பின்னாலே உள்ள நிலத்திலே பாயும்!”

“ஐயா, விடுங்க, அவளுக்கு…” என்றார் குழாய்க்காரர்.

“ஒரு நிமிஷம் பதினஞ்சு. இன்னும் கொஞ்சம்தான், தடுக்காதீங்க பிரதர்” என்றார் செயலாளர்.

மனைவி கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச நேரம் ஏறியது. ஒன்றரை நிமிடம் தாண்டி ஐந்தாவது வினாடியில் நதி புறப்பட்டது. அவள் புடவை நனைந்து, பெஞ்சு நனைந்து, தரையில் ஓடியது. முன் வரிசைக்காரர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் நதி, நதி என்று கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. செருப்பை ஒதுக்கிக்கொண்டு அவர்களும் கைதட்டினார்கள். மனைவி பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழாய்க்காரர் கைக்குட்டையால் தரையைத் துடைத்தார்.

அன்று சாயங்காலமே வாரியம் மூன்று பேராக வீடு தேடி வந்தது. தலைவர் தையல் மெஷின் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

“முதல் வகுப்பு” என்றார். “இந்தச் சபை வரலாற்றில இவ்வளவு தெளிவா, இவ்வளவு நேரம் யாரும் பேசினதில்ல. எனக்கே மனப்பாடமா நாப்பது வினாடிதான் வரும்.”

“ஐயா, அது வியாதிங்க. டாக்டர் சொன்னாரு.”

“டாக்டருங்க எதுக்கும் ஒரு பேர் வைப்பாங்க. அவங்க வேலை அது.”

“இல்லீங்க ஐயா. அவ பாத்ரூம் போகணும்னு சொன்னா.”

வியாக்கியானக்காரர் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மதில் எத்தனை அடி இருக்கும் என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நீங்க வியாக்கியானச் சான்றிதழ் வாங்கியிருக்கீங்களா?” என்று கேட்டார் தலைவர்.

“இல்ல.”

“அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் பொண்டாட்டிங்க.”

“அது ஒரு தகுதி இல்லையே பிரதர்.” தலைவர் கோபப்படவில்லை; குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். “பாருங்க, முப்பது வருஷம் நான் தராசுக்கு முத்திரை குத்தினேன். தராசுல என்ன நிறுக்கறாங்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல. அதனாலதான் ஒரு புகார் இல்லாம ரிட்டையர் ஆனேன். இங்கயும் அப்படித்தான். யாரு, எவ்வளவு நேரம், சத்தம் போதுமா, இவ்வளவுதான் நாங்க பார்க்கறது. என்ன சொல்றாங்கன்னு கேட்க ஆரம்பிச்சா அப்புறம் வாரியம் நடத்த முடியுமா?”

செயலாளர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். பதினேழாம் விதி: வரம் பெற்றவரின் பாஷையை மருந்தாலோ பயிற்சியாலோ மாற்ற முயல்வது ஆவியானவரின் வாயைப் பொத்துவதற்குச் சமம். அவ்வாறு செய்யும் குடும்பம் சபையிலிருந்து நீக்கப்படும்.

“பயிற்சி வேண்டாங்கறீங்களா?” என்றார் குழாய்க்காரர். “மூணு நாலு மாசம்தான் முக்கியம்னு சொல்லியிருக்காங்களே.”

“எந்த நேரத்துல வந்துது இது?” என்று திருப்பிக் கேட்டார் தலைவர்.

“சனிக்கிழமை காலைல. சோதனைக்குக் கிளம்பும்போது.”

“பார்த்தீங்களா! பதினோரு வருஷமா உங்களுக்காக வாசல்ல நின்ன வரம், நீங்க கதவைத் திறக்கலன்னதும் பக்கத்துல இருந்தவங்க மேல இறங்கிடுச்சு. அன்னிக்கு நீங்க என்ன பண்ணியிருந்தாலும் இது நடந்திருக்கும். உங்க தப்பு எதுவுமே இல்ல.”

உங்க தப்பு எதுவுமே இல்ல. டாக்டர் இதைச் சொல்லவில்லை. பயிற்சிக்காரப் பெண் சொல்லவில்லை. இரண்டு வாரமாக அவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் சவரம் செய்துகொண்டிருந்தார். இது வியாதி என்றால் அந்த ஆறு மணி நேரம் அவர் கழுத்தில் ஆயுசுக்கும் தொங்கும். வரம் என்றால் அந்த ஆறு மணி நேரமே இல்லை. அவர் சிரித்ததும் இல்லை, விரலைப் பிரித்ததும் இல்லை. செயலாளர் நீட்டிய ‘பயிற்சி எடுப்பதில்லை’ என்ற உறுதிமொழித் தாளில் குழாய்க்காரர் கையெழுத்துப் போட்டார். மனைவி அடுப்படி வாசலில் நின்று அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே அவர்கள் முதல் வரிசைக்குப் போனார்கள். மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேல் தனி மின்விசிறி. ‘வரம் பெற்றவரின் துணைவர்’ என்று குழாய்க்காரர் கழுத்தில் ஒரு அட்டை. இவர் கையால் அடைப்பு எடுத்த கழிவறைகளில் போய்விட்டு இவருக்கு ஒரு வணக்கம்கூட வைக்காதவர்கள் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். பொய் சொல்வானேன், அவருக்கு அது பிடித்திருந்தது. பயிற்சிக்காரப் பெண் போன் செய்தபோது, “ஒரு வாரம் கழிச்சு வர்றோம்மா” என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

“உங்களுக்கு என்ன, அவங்க பேசாம இருந்தா வசதியா இருக்கா?” என்று கேட்டாள் அவள். குழாய்க்காரர் போனை வைத்துவிட்டார். பிறகு அந்த எண்ணிலிருந்து வந்தால் எடுக்கவில்லை.

வாரியம் சும்மா இருக்கவில்லை. மனைவி பேசியதையெல்லாம் பதிவு செய்து, எழுத்தில் எடுத்து, ‘ஆவியின் அரிச்சுவடி’ என்று ஒரு சிறு புத்தகம் போட்டது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு வகுப்பு. காத்திருப்போர் பெஞ்சில் இருந்தவர்கள் மனப்பாடம் செய்து ஒரே மாதத்தில் எல்லோரும் தேறிவிட்டார்கள். வியாக்கியானக்காரர் சொல்லுக்குச் சொல் அர்த்தம் வகுத்தார். மனாரி என்றால் மகிமை. சிலோமா என்றால் நதி. தாபு என்றால் நிலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் கையைத் தூக்கி, “தாபு! தாபு! தாபு!” என்று முழங்கியது. மனைவி மிரண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்தாள். ஆயிரம் பேர் தண்ணீர் கேட்கிறார்கள், ஒருவராவது எழுந்து கொடுக்கவில்லையே என்று அவளுக்குப் பதற்றமாகிவிட்டது. எழுந்து போய் மேடையில் பிரசங்கியாருக்கு வைத்திருந்த ஜக்கை எடுத்தாள். கத்திக்கொண்டிருந்தவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்து ஒரே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். முதல் வரிசையில் ஏழு பேர் குடித்தார்கள். குடித்தும் அவர்கள் தாபு, தாபு என்று கேட்டதால், ஜக் தீர்ந்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். இது புதிய அடையாளம் என்று வாரியம் குறித்துக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து பெரிய ஜக் வைத்தார்கள். குழாய்க்காரர் மட்டும் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர். துணைவர் அட்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது மாதம் வீட்டில் தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் காலியாகத் தொடங்கியது. குழாய்க்காரர் வீட்டிலேயே கசிவா என்று ரோஷம் வந்து, ஒவ்வொரு குழாய் இணைப்பையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை. ஒரு நாள் மதியம் வேலை ரத்தாகிச் சீக்கிரம் வந்தவர், குளியலறையில் குழாய் முழுதாகத் திறந்து ஓடுகிற சத்தம் கேட்டுக் கதவருகே போனார். தண்ணீர்ச் சத்தத்துக்கு உள்ளே ஒரு குரல். “தா… தா… த…” பிறகு ஏதோ தட்டுகிற சத்தம். மறுபடியும், “தா…” கதவிடுக்கில் கண் வைத்துப் பார்த்தார். மனைவி கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் படஅட்டைக் கட்டு. அவர் கருவிப் பையின் அடியில் ஒளித்து வைத்திருந்தது. டம்ளர் படத்தைக் கையில் பிடித்து, தன் வாயை விரலால் குவித்துக் குவித்துப் பார்த்தாள். வரவில்லை. தன் கன்னத்தில் தானே ஒரு அறை விட்டுக்கொண்டாள். மறுபடியும் ஆரம்பித்தாள்.

குழாய்க்காரர் உள்ளே போய் உதவியிருக்கலாம். பதினேழாம் விதி நினைவுக்கு வந்தது. அதைவிட, அவள் பேச்சு திரும்பினால் முதலில் எதைச் சொல்வாள் என்ற நினைப்பு வந்தது. சத்தம் போடாமல் திரும்பிப் போய், வாசலில் நின்று இருமிவிட்டு வந்தார். குழாய் நின்றது.

வாரியத்தின் வெள்ளி விழா ஒரு சனிக்கிழமை காலை வந்தது. தலைமையகத்திலிருந்து மூப்பர் ஒருவர் வந்து மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பின்னால் இருக்கும் நிலத்தில் ‘பாஷை பவனம்’ கட்ட அவர் தலையசைத்தால் போதும்.

“இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு ஆளைக்கூட இந்த வாரியம் தவறா தேர்ச்சி பண்ணினது கிடையாது” என்று தலைவர் பேசினார். “ஏன்னா, எது தவறுன்னு முடிவு பண்ற அதிகாரமும் எங்ககிட்டதான் இருக்கு.” கைதட்டல். “இப்போ நம்ம சகோதரி பேசுவாங்க.”

மனைவியை மைக் முன்னால் நிறுத்தினார்கள். புதுப் புடவை, கையில் அவளது தையல் பை. அதை வாங்கி வைக்கப் பார்த்தார்கள், அவள் கொடுக்கவில்லை. செயலாளர் வாட்சைத் தட்டினார். அவள் சபையைப் பார்க்கவில்லை. மேடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முதல் வரிசையில் தேடி, குழாய்க்காரரைக் கண்டுபிடித்தாள்.

“நீங்க” என்றாள்.

சபை ஆமென் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நின்றது.

“நீங்க… சிரிச்சீங்க.” ஒவ்வொரு சொல்லையும் பாரம் தூக்குவதுபோல் தூக்கி வைத்தாள். “கை… பிடிச்சேன். எடுத்து… விட்டீங்க.”

வியாக்கியானக்காரர் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். “நான் சிரிக்கிறேன் என்று ஆண்டவர் சொல்லுகிறார்! என் கையை எடுத்து, பின்னாலே உள்ள நிலத்தின்மேல்…”

“இருங்க” என்றார் மூப்பர். “இது தமிழ்தானே?”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் வாட்சை நிறுத்தினார்.

குழாய்க்காரர் எப்படி மேடை ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மைக்கைப் பிடித்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினார். ஆமாம், சிரித்தேன்; இது வரம் இல்லை, வியாதி; தாபு என்றால் தண்ணீர்; எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டேதான் மெத்தையில் உட்கார்ந்திருந்தேன்; அவள் குளியலறையில் தன்னைத்தானே அடித்துக்கொண்டபோது நான் வாசலில் போய் இருமினேன். இத்தனையும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து, ஒன்றும் வெளியே வரமுடியாமல் நசுங்கி, வெறும் சத்தமாக வெடித்தது. “ஆ… பபா… கெஹ்… அவ… லாஆஆ…” எச்சிலும் கண்ணீரும் மைக்கில் தெறித்தன. முழங்காலில் விழுந்தார். நிறுத்த முடியவில்லை.

செயலாளரின் கட்டைவிரல் தானாக வாட்சை அழுத்தியது.

“ஒரு நிமிஷம் நாப்பது!” என்று கூவினார், கடைசியில். “மூச்சு வாங்கினதைக் கழிச்சும்!”

சபை எழுந்து ஆர்ப்பரித்தது. தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மைக்கை வாங்கி அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: வரம் அதே வீட்டுக்குள் ஆள் மாறியிருக்கிறது, பிரதருக்கு முதல் வகுப்பு, தெரிந்த பாஷையில் பேசிவிட்டபடியால் சிஸ்டரின் சான்றிதழ் ரத்து, இன்று முதல் அவருக்குக் காத்திருப்போர் பெஞ்சு. மூப்பர் தலையசைத்தார். முழங்காலிட்டிருந்த குழாய்க்காரரின் கழுத்து அட்டையைக் கழற்றிப் புது அட்டை மாட்டினார்கள். இல்லை, இல்லை என்று அவர் சொல்லப் பார்த்தார். அதுவும் சத்தமாகத்தான் வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு மனைவி வந்தாள். “சிஸ்டர், உங்க இடம் பின்னால” என்று செயலாளர் கையை நீட்டி மறித்தார். அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து வந்து, குழாய்க்காரர் எதிரில் உட்கார்ந்தாள். கையில் பிரசங்கியாரின் டம்ளர்.

“தண்ணி” என்றாள். தெளிவாகச் சொன்னாள்.

குழாய்க்காரர் குடித்தார். குடித்துவிட்டு அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

“போதும்” என்றாள். “நேரமாச்சு.”

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. பதினோரு மணிக்குப் பயிற்சி. தையல் பையில் படஅட்டைகள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து, காத்திருப்போர் பெஞ்சைத் தாண்டி, வெளியே போனாள். குழாய்க்காரர் பேசிய ஒரு நிமிடம் நாற்பது வினாடியைச் செயலாளர் எழுத்து விடாமல் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் சொன்னது வெறும் தமிழாக இருந்ததால் அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.